பெயர் மாற்றும் ஸ்கிரிப்ட்டுக்கு எக்ஸிஃப்டூல்: மூன்று வருடம் பயன்படுத்திய பிறகு

எங்கள் குடும்பத்தில் யார் ஃபோட்டோ எடுத்தாலும் கடைசியில் அது என்னிடம்தான் வந்து சேரும். அக்கா கல்யாணத்துக்கு ஸ்டூடியோவில் கொடுத்த ஹார்ட் டிஸ்க், சித்தப்பாவின் பழைய கேமரா கார்டு, மாமா ஃபோனிலிருந்து எடுத்த வீடியோ, பெரியம்மா வாட்ஸ்அப்பில் அனுப்பியவை என்று எல்லாமே. பாதி ஐஎம்ஜி_0001 என்று ஆரம்பிக்கும், மீதி டிஎஸ்சி_0001 என்று ஆரம்பிக்கும், ஒரே ஃபோல்டரில் கொட்டினால் ஒன்றை ஒன்று அழித்துவிடும். அதனால் எடுத்த தேதியையும் நேரத்தையும் வைத்துப் பெயர் மாற்ற பைத்தான் மொழியில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருக்கிறேன். பெயர் மாற்றுவது நாலு வரி வேலை. படம் எப்போது எடுத்தது என்று அந்த ஃபைலுக்குள் போய்ப் படித்துச் சொல்வதுதான் பெரிய வேலை, அதை நான் எழுதவில்லை. எக்ஸிஃப்டூல் என்ற கமாண்ட் லைன் புரோகிராமைக் கூப்பிட்டுக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.

அந்த ஒரு வேலையை மட்டும் வைத்துத்தான் இந்த விமர்சனம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஸ்கிரிப்ட்டுக்குள்ளிருந்து கூப்பிட இதைவிட நல்ல புரோகிராமை நான் பார்த்ததில்லை. ஆனால் கூப்பிடும் முறை தெரியாமல் கூப்பிட்டால் ஆமை மாதிரி நகரும், தமிழில் பெயர் வைத்த ஃபைல்களைக் கண்ணுக்கே தெரியாத மாதிரி தாண்டிப் போகும், சில சமயம் அப்படியே நின்றுவிடும். மூன்றையும் நான் பார்த்துவிட்டேன்.

கனடாக்காரர் ஃபில் ஹார்வி 2003-இல் வெளியிட்டது இது, இன்றுவரை அவரே கவனித்து வருகிறார். பெர்ல் மொழியில் எழுதியது, இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஜேபெக் மட்டுமில்லாமல் நிக்கான், கேனான், சோனி என்று ஒவ்வொரு கேமரா நிறுவனமும் தனக்கென்று வைத்திருக்கும் ரா ஃபைல்கள், ஐஃபோனின் ஹெயிக், எம்பி4, மூவ், பிடிஎஃப் எதைக் கொடுத்தாலும் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லும். பைத்தானுக்கென்று இருக்கும் படத் தொகுப்புகள் பெரும்பாலும் ஜேபெக்கோடு நின்றுவிடும், அல்லது வீடியோ வந்ததும் கையை விரிக்கும். கல்யாண ஃபோல்டர் என்றால் எல்லா வகையும் கலந்துதான் வரும், அதனால்தான் வெளியே இருக்கும் ஒரு புரோகிராமைக் கூப்பிடும் நிலைமையே வருகிறது.

விண்டோஸில் இறக்கி வைக்கும்போதே ஒரு சிக்கல் காத்திருக்கிறது. ஜிப்பைப் பிரித்தால் உள்ளே இருக்கும் புரோகிராமின் பெயரில், எக்ஸிஃப்டூல் என்பதற்குப் பின்னால், அடைப்புக்குறிக்குள் ஒரு கழித்தல் குறியும் கே என்ற எழுத்தும் இருக்கும். அது அலங்காரம் இல்லை. பெயரில் அது இருந்தால் வேலை முடிந்ததும் எண்டர் தட்டச் சொல்லிக் காத்திருக்கும், மவுஸால் படத்தை இழுத்து அதன்மேல் போட்டுப் பார்க்கிறவர்களுக்கு ஜன்னல் உடனே மூடிவிடக்கூடாது என்பதற்காகச் செய்தது. ஸ்கிரிப்ட்டிலிருந்து அதே பெயரோடு கூப்பிட்டால் என்ன ஆகும்? அது எண்டருக்குக் காத்திருக்கும், அது கேட்கும் வரியை நம் ஸ்கிரிப்ட் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் திரையில் ஒன்றுமே வராது. ஒரு ராத்திரி முழுக்க ஓடுகிறது என்று நினைத்து விட்டுவிட்டுத் தூங்கப் போனேன், காலையில் பார்த்தால் முதல் படத்திலேயே நிற்கிறது. பெயரிலிருந்து அந்த அடைப்புக்குறியை எடுத்துவிட்டால் போதும், சரியாகிவிடும். கூடவே வரும் ஃபைல்கள் ஃபோல்டரை அதன் பக்கத்திலேயே வைத்திருக்க வேண்டும், புரோகிராமை மட்டும் தனியாக எடுத்து வேறு இடத்தில் வைத்தால் ஓடாது. இதற்கப்புறம் எந்த வெளி புரோகிராமைக் கூப்பிட்டாலும் இரண்டு விஷயம் தவறாமல் செய்கிறேன்: உள்ளீட்டை அடைத்துவிடுகிறேன், அதாவது வெளி புரோகிராமைக் கூப்பிட பைத்தானில் இருக்கும் சப்பிராசஸ் தொகுப்பு கொடுக்கும் டெவ்நல் என்ற வெற்று உள்ளீட்டை அந்த இடத்தில் கொடுத்துவிடுகிறேன், அப்புறம் ஒரு கால வரம்பு வைக்கிறேன். காத்திருக்க வழியே இல்லாமல் செய்துவிட்டால் நிற்காது.

எந்த இடத்தில் இருக்கும் புரோகிராமைக் கூப்பிடுகிறோம் என்பதும் முக்கியம். வெறும் பெயரை மட்டும் சொன்னால் கணினி தன் பட்டியலில் முதலில் எது கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளும். படங்களின் அளவையும் வடிவத்தையும் மாற்றும் இமேஜ்மேஜிக்கில் கன்வர்ட் என்று ஒரு கமாண்ட் இருந்தது, விண்டோஸிலும் அதே பெயரில் ஒன்று உண்டு, அது டிஸ்க்கின் ஃபேட் வடிவத்தை என்டிஎஃப்எஸ் ஆக்கும் கமாண்ட்! படத்தைச் சின்னதாக்க நினைத்து எத்தனையோ பேர் அதைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இமேஜ்மேஜிக் 7-இல் மேஜிக் என்ற பெயரைக் கொண்டுவந்த பிறகு அந்தத் தொல்லை குறைந்தது. லினக்ஸிலும் ரீநேம் என்ற பெயரில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு கமாண்ட்கள் உண்டு, டெபியனில் பெர்லில் எழுதியது, ஃபெடோராவில் வேறொன்று, இரண்டுக்கும் எழுதும் முறையே வேறு. எக்ஸிஃப்டூலுக்கு இப்படிப் பெயர்ச் சண்டை எதுவும் இல்லை, ஆனாலும் முழுப் பாதையைக் கொடுத்தே கூப்பிடுங்கள்.

இனி வேகம். இந்த விமர்சனத்தில் ஒன்றை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ஸ்கிரிப்ட் எழுத உட்கார்ந்ததும் யாருக்கும் முதலில் தோன்றுவது இதுதான்: ஃபோல்டரில் இருக்கும் ஒவ்வொரு ஃபைலையும் எடு, எக்ஸிஃப்டூலைக் கூப்பிட்டுத் தேதி கேள், பெயரை மாற்று, அடுத்ததுக்குப் போ. நானும் அப்படித்தான் எழுதினேன். அக்கா கல்யாண ஃபோல்டரில் 6,400 ஃபைல், என் மடிக்கணினியில் ஒரு தடவை கூப்பிட அரை நொடிக்குக் கொஞ்சம் குறைவாக ஆகிறது, மொத்தம் முக்கால் மணி நேரம் ஓடியது. எக்ஸிஃப்டூல் மெதுவானது என்று நண்பர்களிடம்கூடச் சொன்னேன். அது தப்பு. அந்த அரை நொடியில் படத்தைப் படிக்க ஆவது கொஞ்ச நேரம்தான், மீதி முழுக்க பெர்ல் எழுந்து தன் மூட்டையைப் பிரிக்கும் நேரம். 6,400 தடவை எழுப்பி 6,400 தடவை தூங்கவைத்தால் அப்படித்தான் ஆகும். அதற்குப் பதிலாக ஒரே ஒரு தடவை கூப்பிட்டு, ஃபோல்டரையே கையில் கொடுத்து, உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் படித்து ஜேசானாக (ஸ்கிரிப்ட் எளிதாகப் படிக்கும் டெக்ஸ்ட் வடிவம்) கொடு என்று கேட்டேன். இரண்டு நிமிடத்துக்குள் முடிந்தது. அதே கணினி, அதே படங்கள்.

ஃபில் ஹார்வியே தன் ஆவணத்தில் அடிக்கடி நடக்கும் தவறுகள் என்று ஒரு பக்கம் வைத்திருக்கிறார், அதில் இதையும் சொல்லியிருக்கிறார்: ஒரே கமாண்டில் முடிகிற வேலைக்கு ஸ்கிரிப்ட் எழுதி ஃபைலுக்கு ஒரு தடவை கூப்பிடாதீர்கள் என்று. நான் அதை முதலிலேயே படித்திருக்க வேண்டும். இந்தப் புரோகிராமை இறக்கும் யாரும் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டே தொடங்குங்கள்.

ஜேசானாகக் கேட்பதில் ஒரு பெரிய வசதி, ஒவ்வொரு ஃபைலுக்கும் சோர்ஸ்ஃபைல் என்று ஒரு புலம் தானாகவே வந்துவிடும், எந்தத் தேதி எந்த ஃபைலுக்கு என்று குழப்பமே வராது. வரியாக வாங்கி, இடைவெளியில் வெட்டி, மூன்றாவது துண்டு தேதி என்றெல்லாம் எழுதுவதை மறந்துவிடுங்கள், பெயரில் ஒரு இடைவெளி வந்தால் அது உடைந்துவிடும். விண்டோஸில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும், நாம் பின்சாய்வுக் கோடு போட்டுப் பாதை கொடுத்தாலும் பதிலில் அது முன்சாய்வுக் கோடாகத்தான் வரும். அப்படியே ஒப்பிட்டால் ஒன்றுகூடப் பொருந்தாது. பைத்தானின் பாத் பொருளாக மாற்றி ஒப்பிட்டால் பொருந்தும்.

ஃபோல்டரையே கொடுக்க முடியாமல், குறிப்பிட்ட ஃபைல்களை மட்டும் கொடுக்க வேண்டிய நேரமும் வரும். எல்லாப் பெயரையும் ஒரே கமாண்டில் அடுக்கினால் விண்டோஸ் ஒத்துக்கொள்ளாது. ஒரு புரோகிராமைத் தொடங்கும்போது கொடுக்கும் கமாண்ட் 32,767 எழுத்துக்குள் இருக்க வேண்டும், கறுப்பு ஜன்னலில் தட்டினால் 8,191-தான். நீளமான பாதை என்றால் சில நூறு ஃபைலிலேயே முடிந்துவிடும். இதற்கு எக்ஸிஃப்டூலில் அருமையான வழி இருக்கிறது: வரிக்கு ஒரு பெயர் வீதம் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி வைத்து, அட் குறி போட்ட ஆப்ஷனோடு அந்த ஒரு ஃபைலின் பெயரைக் கொடுத்தால் போதும், உள்ளே போய் எல்லாவற்றையும் படித்துக்கொள்ளும். அதற்குள் மேற்கோள் குறி எதுவும் போட வேண்டியதில்லை. போட்டால்தான் பிரச்சினை, அதையும் பெயரின் பகுதி என்று நினைத்துக்கொள்ளும். நாள் முழுக்கப் புதுப் படங்கள் வந்து விழும் ஃபோல்டர் என்றால் இன்னொரு வழியும் உண்டு: ஸ்டே ஓப்பன் என்ற ஆப்ஷன். ஒரு தடவை எழுப்பிவிட்டால் தூங்காமல் காத்திருக்கும், நாம் ஒவ்வொரு கேள்வியாக அனுப்பலாம், பதில் முடிந்ததும் ரெடி என்று ஒரு வரி வரும். பைஎக்ஸிஃப்டூல் என்ற பைத்தான் தொகுப்பு இதைத்தான் உள்ளே செய்கிறது. வீட்டு ஃபோட்டோவுக்கு அந்த அளவு தேவைப்படாது, ஜேசானே போதும்.

தமிழ்ப் பெயர்கள். இதில்தான் எனக்கு அதிக நாள் போயிற்று, இதைப் பற்றித் தமிழில் யாரும் எழுதியும் நான் பார்க்கவில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எங்கள் வீட்டு ஃபோல்டர்களுக்கெல்லாம் அம்மா தமிழில்தான் பெயர் வைப்பார்: கல்யாணம், கொலு, பொங்கல், தாத்தா சதாபிஷேகம். விண்டோஸில் ஸ்கிரிப்ட் ஓடியபோது தமிழ்ப் பெயர் இருந்த ஒரு ஃபோல்டரையும் அது கண்டுபிடிக்கவில்லை, கேள்விக்குறியாக நிறைந்த ஒரு பெயரைக் காட்டி அப்படி ஃபைலே இல்லை என்றது. காரணம் இதுதான். பைத்தான், எல்லா மொழி எழுத்துக்கும் இடம் உள்ள யூனிகோடில் சரியாகத்தான் அனுப்புகிறது, ஆனால் பெர்ல் புரோகிராம்கள் விண்டோஸின் பழைய எழுத்துப் பக்கத்தின் (சில மொழி எழுத்துகளை மட்டும் வைத்திருக்கும் பட்டியல், கோட் பேஜ்) வழியாக அதை வாங்குகின்றன. ரஷ்ய மொழிக்கு, கிரேக்கத்துக்கு, தாய் மொழிக்கெல்லாம் அப்படி ஒரு பழைய பக்கம் விண்டோஸில் உண்டு, அந்த ஊர்க் கணினியில் தப்பித்துவிடுவார்கள். தமிழுக்கு அப்படி ஒன்று இருந்ததே இல்லை, விண்டோஸில் தமிழ் வந்ததே யூனிகோடாகத்தான். எனவே நம் எழுத்து எல்லாம் அந்த வாசலில் கேள்விக்குறியாகிவிடும். தீர்வு இரண்டு பகுதி: பெயர்களை மேலே சொன்னது போல டெக்ஸ்ட் ஃபைலில் யூடிஎஃப்-8 (யூனிகோடைச் சேமிக்கும் வடிவம்) ஆக எழுதிக் கொடுக்க வேண்டும், கூடவே ஃபைல் பெயர்கள் யூடிஎஃப்-8 என்று சார்செட் ஆப்ஷனில் சொல்லிவிட வேண்டும். இரண்டும் வேண்டும், ஒன்று மட்டும் போதாது. பதிலை வாங்கும்போதும் யூடிஎஃப்-8 என்று பைத்தானிடம் நாமே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அது பழைய பக்கத்தை வைத்துப் படித்துக் குப்பையாக்கும், அல்லது பாதியில் பிழை காட்டி நின்றுவிடும். லினக்ஸில் இந்தத் தலைவலி எதுவும் இல்லை, கொடுத்த பெயர் கொடுத்தபடியே போகும்.

சரி, பெயர் போய்ச் சேர்ந்துவிட்டது. அப்புறம் கொலு வந்தது. பழைய மேக் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து வந்த கொலு ஃபோல்டரும் என் கணினியில் இருந்த கொலு ஃபோல்டரும் பக்கத்தில் பக்கத்தில் இரண்டாக நின்றன. பார்க்க அச்சு அசல் ஒன்று, ஆனால் ஸ்கிரிப்ட் இரண்டும் வேறு என்கிறது. அது சொன்னதுதான் சரி. ஒகர உயிர்மெய்யின் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம், ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதைதான். பழைய மேக்கின் டிஸ்க் வடிவம் எல்லாப் பெயரையும் பிரித்துத்தான் சேமிக்கும், நாம் விண்டோஸில் தட்டினால் சேர்த்து வரும். பைத்தானில் யூனிகோட்டேட்டா தொகுப்பில் நார்மலைஸ் என்ற செயல் இதைச் சரிசெய்துவிடும், ஆனால் எதை மாற்றுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். எக்ஸிஃப்டூலுக்குக் கொடுக்கும் பழைய பெயரை மாற்றவே கூடாது, டிஸ்க்கில் எப்படி இருக்கிறதோ அப்படியே கொடுத்தால்தான் ஃபைல் திறக்கும். புதிதாக வைக்கப்போகும் பெயரை மட்டும் சேர்த்த வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

நீளத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். கல்யாணம் என்று எழுதினால் நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து, யூனிகோடில் எட்டுக் குறி, யூடிஎஃப்-8-இல் 24 பைட். லினக்ஸில் ஒரு ஃபைலின் பெயர் 255 பைட்டுக்குள் இருக்க வேண்டும், அப்படியென்றால் 85 குறிதான். தேதி, நேரம், நிகழ்ச்சியின் பெயர், மண்டபத்தின் பெயர், யார் எடுத்தது என்று எல்லாவற்றையும் தமிழில் அடுக்கினால் அதைத் தாண்டிவிடும். என் பெயர் வடிவத்தில் மண்டபத்தை எடுத்துவிட்டேன்.

ஷெல் (தட்டிய கமாண்ட் வரியைப் படித்து ஓடவைக்கும் புரோகிராம்) வழியாகக் கூப்பிடாதீர்கள் என்பதை எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். கமாண்டை ஒரே நீள வரியாக ஒட்டி ஷெல்லிடம் கொடுத்தால் "அம்மா & அப்பா" என்ற படத்தில் வரும் அந்த நடுக்குறியிலேயே ஷெல் வரியை இரண்டாக உடைத்து, அப்பா என்ற கமாண்டைத் தேடிப் போகும். மேற்கோள் குறி போட்டுச் சமாளிக்கலாம் என்று பார்த்தால் பெயருக்குள்ளேயே மேற்கோள் குறி வரும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பட்டியலாகக் கொடுத்துவிட்டால் நடுவில் ஷெல்லே இல்லை, பெயரில் என்ன இருந்தாலும் அப்படியே போகும். கழித்தல் குறியில் தொடங்கும் பெயரை மட்டும் எக்ஸிஃப்டூல் ஆப்ஷன் என்று நினைத்துக்கொள்ளும், முழுப் பாதை கொடுத்தால் அதுவும் வராது.

பைத்தானுக்குப் பதிலாக விண்டோஸின் பேட்ச் ஃபைலில் கமாண்டை எழுதுகிறவர்களுக்கு ஒன்று: தேதி வடிவத்தில் வரும் விழுக்காட்டுக் குறியை அங்கே இரண்டு தடவை போட வேண்டும், ஒரு தடவை போட்டால் விண்டோஸ் அதைத் தின்றுவிடும்.

வீடியோ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதனால் வீட்டில் பெரிய பதற்றமே வந்தது. அக்காவின் முகூர்த்தம் அதிகாலை. தாலி கட்டும் வீடியோவை மாமா தன் ஃபோனில் 4:50-க்கு எடுத்திருக்கிறார். ஸ்கிரிப்ட் ஓடி முடிந்ததும் அம்மா வந்து கல்யாண ஃபோல்டரில் தேடினால் அந்த வீடியோ இல்லை. அழித்துவிட்டேனோ என்று கை நடுங்கிவிட்டது. கடைசியில் அது முந்தைய நாள் ராத்திரி 23:20 என்ற பெயரோடு மாப்பிள்ளை அழைப்பு ஃபோல்டரில் இருந்தது. எம்பி4, மூவ் ஃபைல்களில் எழுதும் நேரம் யூடிசி என்ற உலகப் பொது நேரமாக இருக்க வேண்டும் என்பது அந்த வடிவத்தின் விதி, நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரம் குறைவு. ஃபோட்டோவில் எழுதுவதோ எடுத்த இடத்தின் நேரம். ஆகையால் அதிகாலை ஐந்தரைக்கு முன் நடக்கும் எதுவாக இருந்தாலும் படம் ஒரு நாளிலும் வீடியோ முந்தைய நாளிலும் போய் உட்காரும். தமிழ்க் கல்யாணங்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. எக்ஸிஃப்டூலிடம் குயிக்டைம்யூடிசி என்ற ஏபிஐ ஆப்ஷனைச் சேர்த்துக் கேட்டால் கணினி இருக்கும் ஊரின் நேரத்துக்கு மாற்றிக் கொடுக்கிறது. சில கேமராக்கள் விதியை மதிக்காமல் உள்ளூர் நேரத்தையே எழுதுகின்றன, அவற்றுக்கு இந்த ஆப்ஷனைப் போட்டால் ஐந்தரை மணி நேரம் கூடிவிடும். அதனால் என் ஸ்கிரிப்ட்டில் கேமராவின் மாடல் பெயரையும் சேர்த்தே கேட்கிறேன், சித்தப்பாவின் கேமராவுக்கு மட்டும் ஆப்ஷன் இல்லாமல் தனியாக இன்னொரு தடவை கூப்பிடுகிறேன்.

தேதியை அப்படியே பெயரில் வைக்கவும் முடியாது. 2020:02:05 04:50:11 என்ற மாதிரி முக்காற்புள்ளியோடு வரும், விண்டோஸ் பெயரில் அந்தக் குறியை ஏற்காது. டி ஆப்ஷனில் வேண்டிய வடிவத்தைச் சொன்னால் அப்படியே கொடுக்கும். கடிகாரம் வைக்காத கேமராவில் எல்லாமே சுழியமாகவும் வரும். தேதி இருக்கிறது என்று ஸ்கிரிப்ட் நம்பி, எல்லாச் சுழியப் படத்தையும் ஒரே பெயருக்கு மாற்றப் பார்க்கும். வருடம் 1990-க்கு முன்னால் இருந்தால் தொடாதே, தனி ஃபோல்டரில் வை என்று எழுதி வைத்திருக்கிறேன். வாட்ஸ்அப்பில் வந்த படங்களில் எடுத்த தேதி உள்ளே இருக்காது, அதை எந்தப் புரோகிராமாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது, பெயரில் இருக்கும் தேதிதான் மிச்சம், அதுவும் அனுப்பிய தேதிதான்.

வேலை முடிந்ததும் திரும்பி வரும் எண்ணைப் பார்ப்பது நல்ல பழக்கம், ஆனால் இங்கே கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். எல்லாம் நன்றாக நடந்தால் 0, பிழை வந்தால் 1. 6,400 படத்தில் ஒன்று பாதி கெட்டுப்போயிருந்தாலும் 1 வரலாம். 0 தவிர வேறு எண் வந்தால் பிழை காட்டச் சொல்லும் செக் என்பதைப் பைத்தானில் போட்டு வைத்திருந்தால் அந்த ஒரு படத்துக்காக மீதி 6,399-இன் பதிலையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடும். நான் எண்ணைக் குறித்துக்கொண்டு, வந்த ஜேசானைப் படித்து, எந்த ஃபைலுக்குப் பதில் வரவில்லை என்று பார்க்கிறேன். எச்சரிக்கைகள் வேறு வழியாக, பிழைக்கான வாய்க்காலில் வரும், அதை ஜேசானோடு கலக்காமல் தனியாக வாங்குங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும்: உங்களுக்கு வேண்டியது தேதியை வைத்துப் பெயர் மாற்றுவது மட்டும் என்றால் ஸ்கிரிப்ட்டே தேவையில்லை. எக்ஸிஃப்டூலே பெயரை மாற்றும். ஃபைல்நேம் என்பதையும் ஒரு புலமாக வைத்திருக்கிறது, தேதியை எடுத்து அதில் போடு என்றால் போட்டுவிடும். ஒரே நொடியில் எடுத்தவை இருந்தால் -1, -2 என்று தானே ஒட்டச் சொல்லலாம். ஏற்கெனவே அந்தப் பெயரில் ஃபைல் இருந்தால் அதன்மேல் எழுதாது, மறுத்துவிடும். ஃபைல்நேம் என்ற இடத்தில் டெஸ்ட்நேம் என்று போட்டால் எதையும் மாற்றாமல் பழைய பெயர், புதுப் பெயர் இரண்டையும் வரிசையாகக் காட்டும். இந்த டெஸ்ட்நேம் எனக்கு மிகவும் பிடித்தது, பெயர் மாற்றும் எந்தக் கருவியிலும் இது கட்டாயம் இருக்க வேண்டும். நான் ஸ்கிரிப்ட்டை விடாமல் வைத்திருப்பது நிகழ்ச்சியின் பெயர் சேர்ப்பதற்கும், கொலுவை ஒழுங்குபடுத்துவதற்கும், பழைய பெயர் புதுப் பெயர் பட்டியலை எழுதி வைப்பதற்கும்தான். அந்தப் பட்டியலை முதலில் எழுதி, டிஸ்க்கில் சேமித்துவிட்டு, அப்புறம்தான் முதல் ஃபைலைத் தொடுகிறேன். மாப்பிள்ளை அழைப்பு ஃபோல்டரில் அந்த வீடியோவைக் கண்டுபிடித்ததே அந்தப் பட்டியலால்தான்.

மற்றவற்றையும் கூப்பிட்டுப் பார்த்தேன். எஃப்எஃப்ப்ரோப் வீடியோவுக்கு நன்றாக இருக்கிறது, ஜேசானும் கொடுக்கும், சட்டென்று எழும், ஆனால் ஒரு தடவைக்கு ஒரு ஃபைல்தான். பிடிஎஃப்இன்ஃபோ பிடிஎஃப்பின் தலைப்பைச் சொல்லும், பில்களுக்கு அதை வைத்துப் பெயர் மாற்றலாம் என்று நினைத்தேன், பாதிக்குத் தலைப்பே இல்லை, மீதியில் மைக்ரோசாஃப்ட் வேர்ட், டாக்குமென்ட்1 என்று இருக்கிறது. அது புரோகிராமின் குற்றமில்லை, எழுதியவர்கள் வைக்கவில்லை.

பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் உடனே மாற்றுங்கள். 7.44 முதல் 12.23 வரை இருந்த பதிப்புகளில் டேஜாவூ வகை ஃபைலைப் படிக்கும் இடத்தில் ஒரு ஓட்டை இருந்தது, அதற்கென்று தயாரித்த ஃபைல் ஒன்றைப் படித்தாலே அதில் எழுதியிருக்கும் கமாண்டை ஓடவைத்துவிடும். 2021 ஏப்ரலில் 12.24-இல் அடைத்துவிட்டார்கள். நம்மிடம் அந்த வகை ஃபைலே கிடையாதே என்று விட்டுவிட முடியாது, எக்ஸிஃப்டூல் பெயரின் பின்னொட்டை நம்பாமல் உள்ளே பார்த்துத்தான் வகையை முடிவு செய்கிறது, ஜேபெக் என்று பெயர் வைத்தே அனுப்பலாம். யார் யாரோ அனுப்பும் படங்களைத்தானே இந்த ஸ்கிரிப்ட்டுக்குக் கொடுக்கிறோம்.

குறை என்று சொல்ல வேண்டுமானால், ஆவணம் மிகப் பெரிது, எல்லாமே இருக்கிறது, ஆனால் தேடுவது புதியவருக்குக் கஷ்டம். விண்டோஸில் தமிழ்ப் பெயருக்கு ஏன் இத்தனை சுற்று என்பது எனக்கு இன்னும் வருத்தம்தான். இரண்டையும் சேர்த்தே 5-க்கு 4.5 கொடுக்கிறேன்.

இப்போது ஸ்கேன் செய்த ஆல்பங்களில் இருக்கிறேன். அவற்றில் ஸ்கேன் செய்த தேதிதான் இருக்கும், எடுத்த தேதி பெரியப்பா படத்தின் பின்பக்கம் பேனாவில் எழுதியதுதான். ஒவ்வொரு ஆல்பத்துக்கும் அந்தத் தேதிகளைத் தட்டி ஒரு பட்டியலாக்கி, ஆல்டேட்ஸ் என்ற பெயரில் எக்ஸிஃப்டூலைக் கொண்டே படத்துக்குள் எழுத வைக்கிறேன், அதற்கப்புறம் வழக்கமான ஸ்கிரிப்ட். எழுதும்போது மட்டும் ஒவ்வொரு படத்துக்கும் ஒரிஜினல் என்று பின்னொட்டு வைத்து ஒரு நகல் விட்டுவைக்கும், ஸ்கிரிப்ட்டில் அந்தப் பின்னொட்டைத் தாண்டிப் போகச் சொல்லுங்கள், டிஸ்க்கில் இரண்டு மடங்கு இடமும் வைத்துக்கொள்ளுங்கள். 1980-களின் படங்கள் என்பதால் 1990 என்ற வரம்பையும் இந்த ஆல்பங்களுக்கு எடுத்துவிட்டேன். நான்கு ஆல்பம் முடிந்தது, இன்னும் பதினொன்று இருக்கிறது.